பால்கனியில் கூடாது, கேசினோவில் கூடும்

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட சொகுசுக் கப்பல் ஒன்றில் குடும்பத்தோடு நான்கு இரவுகள் போய் வந்தோம். உடன் வந்த சித்தப்பாவுக்கு நாற்பது வருடப் புகைப் பழக்கம். பால்கனி வைத்த அறைதான் வேண்டும் என்று அடம்பிடித்துக் கூடுதல் பணம் கட்டியவர் அவர். கடலைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கலாம் என்று சித்தியிடம் காரணம் சொல்லியிருந்தார். அறைக்குள் நுழைந்து பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, மேசைமேல் இருந்த அட்டை கண்ணில் பட்டது. அறையிலும் பால்கனியிலும் புகைபிடித்தால் அபராதம், தொகை அறைக் கணக்கில் ஏற்றப்படும் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள்.

அறையைத் துப்புரவு செய்ய வந்த இளைஞரிடம் சித்தப்பா விசாரித்தார். பதில் அவருக்கு மனப்பாடம்: மேல்தளத்தில் பின்பக்க மூலை ஒன்று இருக்கிறது, அவ்வளவு தூரம் நடக்க முடியாவிட்டால் கேசினோ என்ற சூதாட்டக் கூடம். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்த சித்தப்பா, “காற்றடிக்கிற இடத்தில் பிடிக்கக் கூடாதாம். ஜன்னலே இல்லாத கூடத்துக்குள் பிடிக்கலாமாம். இது என்ன கணக்கு?” என்று கேட்டார். “தெரியவில்லை சித்தப்பா, பார்த்துச் சொல்கிறேன்” என்றேன். சொல்வதற்குள் நாளாகிவிட்டது.

அவர் கேட்டது சரியான கேள்விதான். தரையில் புகைக்கட்டுப்பாடு என்றால் மூடிய இடத்தில் கூடாது, திறந்த வெளியில் பரவாயில்லை என்பதுதான் பொது வழக்கு. அலுவலகத்தில் பிடிக்காதே, வாசலுக்குப் போ என்கிறோம். பெரிய சொகுசுக் கப்பல்களில் பலவற்றில் இது தலைகீழாகக் கிடக்கிறது. மூன்று பக்கம் சுவரும் நான்காம் பக்கம் சமுத்திரமுமாக இருக்கும் பால்கனியில் சிகரெட்டைப் பற்றவைத்தால் 250 டாலரிலிருந்து 500 டாலர் வரை தண்டம். கப்பலின் வயிற்றுக்குள், கடிகாரமும் ஜன்னலும் இல்லாத சூதாட்டக் கூடத்தில் சாம்பல் கிண்ணத்தை அவர்களே வைத்துத் தருகிறார்கள். உடல்நலத்தை மட்டும் நினைத்து யாரும் இப்படி ஒரு வரைபடம் போட மாட்டார்கள். இதைப் போட்டவை நெருப்பும் பணமும். உடல்நலம் மூன்றாவதாக வந்து, மிச்சமிருந்த மூலைகளைப் பார்த்துக்கொண்டது.

நெருப்பிலிருந்து தொடங்கலாம். கடலில் தீப்பிடித்தால் ஓடிப்போக வாசல் இல்லை, தீயணைப்பு வண்டி வரப்போவதில்லை. பாய்மரக் காலத்திலேயே கப்பலில் புகைப்பதற்கு இடமும் நேரமும் குறித்துத்தான் விட்டார்கள். தார் பூசிய கயிறு, உலர்ந்த மரம், வெடிமருந்து என்று எல்லாம் அடுத்தடுத்து இருக்கும்போது சமையற்கட்டுப் பக்கம் தவிர வேறெங்கும் நெருப்பு கூடாது என்பதைப் புரிந்துகொள்ள யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. எஃகுக் கப்பல்கள் வந்தபின் அந்த அச்சம் கொஞ்சம் மழுங்கிப் போனது. அதை மறுபடி கூர்மையாக்கியது 2006ஆம் ஆண்டின் ஓர் இரவு.

அந்த ஆண்டு மார்ச் 23 அதிகாலை மூன்று மணியளவில், ஸ்டார் பிரின்சஸ் என்ற கப்பல் கரீபியன் கடலில் கிராண்ட் கேமன் தீவிலிருந்து ஜமைக்காவின் மான்டிகோ பே துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பயணிகளும் ஊழியர்களுமாக 3,800 பேர். 2002இல் கட்டி முடித்த கப்பல் என்பதால் பழையது என்றும் சொல்ல முடியாது. பத்தாம் தளத்தில் ஒரு பால்கனியில் தீ எழுந்தது. ஆறே நிமிடங்களில் அது 11, 12ஆம் தளங்களுக்கு ஏறி, பக்கத்துத் தீத்தடுப்பு மண்டலங்களின் பால்கனிகளுக்கும் தாவிவிட்டது. அணைக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பிடித்தது. பயணி ஒருவர் புகையை மூச்சில் இழுத்து இறந்தார். பதின்மூன்று பேருக்குப் புகையால் கடும் பாதிப்பு. 79 அறைகள் இனி உதவாது என்று கழித்துக் கட்டப்பட்டன, மேலும் இருநூறுக்கு மேற்பட்டவை தீயாலோ புகையாலோ தண்ணீராலோ சேதமடைந்தன.

கப்பல் பிரிட்டனின் ஆட்சிப்பகுதியான பெர்முடாவின் கொடி தாங்கியது என்பதால் பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரித்தது. அணைக்காமல் எறியப்பட்ட சிகரெட் துண்டு ஒன்று பால்கனியில் எரியக்கூடிய ஏதோ ஒரு பொருளின்மேல் விழுந்து, சுமார் இருபது நிமிடம் கனன்றுகொண்டே இருந்து, பிறகு சுடர்விட்டிருக்க வேண்டும் என்பதே அதன் முடிவு. அந்த இருபது நிமிடம்தான் இதில் பயங்கரம். போட்டவர் உள்ளே போய்ப் படுத்திருக்கலாம். அல்லது அவர் வேறொரு பால்கனியில் நின்று கடலைப் பார்த்து எறிந்திருக்கலாம். கப்பல் ஓடும் வேகத்தில் எறிந்த துண்டு கடலுக்குத்தான் போகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கப்பலின் பக்கவாட்டில் சுழலும் காற்று அதைத் தூக்கிக் கீழ்த்தளத்து நாற்காலி மடிப்பிலோ உலர்த்தியிருக்கும் துணியின்மேலோ கொண்டுபோய் வைக்கும்.

இவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம் விதிப்புத்தகத்தில் இருந்த ஓட்டை. கடல் பயணப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை கப்பலின் உட்புறத்தை அங்குலம் அங்குலமாகக் கட்டுப்படுத்துகிறது. சுவர்ப் பலகை, கம்பளம், திரைச்சீலை, கட்டில் எல்லாவற்றுக்கும் எரிதிறன் வரம்பு உண்டு, கூரையில் நீர்தெளிப்பான் உண்டு, அறைக்கு அறை புகை உணரி உண்டு. ஆனால் பால்கனி கப்பலுக்கு வெளியே இருக்கும் இடமாகக் கணக்கிடப்பட்டது. ஆகவே அங்கே பாலிகார்பனேட் தடுப்புகள், பாலியூரித்தேன் தரை ஓடுகள், பிளாஸ்டிக் நாற்காலிகள் என்று விறகு அடுக்கியதுபோல் அடுக்கிவைத்திருந்தார்கள். உணரியும் இல்லை, தெளிப்பானும் இல்லை. அறைகளுக்குள் இருந்த நீர்தெளிப்பு அமைப்பும் எளிதில் தீப்பிடிக்காத சாமான்களும்தான் நெருப்பைக் கதவோரத்தில் நிறுத்தின. அவை இல்லாவிட்டால் இறந்தவர் கணக்கு ஒன்றோடு நின்றிருக்காது.

ஐ.நா.வின் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு வழக்கத்துக்கு மாறாக விறுவிறுப்பாக நடந்துகொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் சோலாஸ் திருத்தம் நிறைவேறி, 2008 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பால்கனிச் சாமான்கள் எளிதில் தீப்பற்றாதவையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பால்கனிக்கும் உணரியும் தெளிப்பானும் பொருத்த வேண்டும். பழைய கப்பல்களையும் அது விட்டுவைக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் திருத்தம் நாற்காலியை மாற்றச் சொன்னது, சிகரெட்டை அணைக்கச் சொல்லவில்லை. பால்கனியில் புகைக்கலாமா என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். நிறுவனங்கள் அவசரப்படவில்லை. செலிப்ரிட்டி 2008லேயே தடுத்தது. விபத்துக்குள்ளான கப்பலின் சொந்தக்காரர்களான பிரின்சஸ் நிறுவனம் 2012 ஜனவரி வரை எடுத்துக்கொண்டது. டிஸ்னி 2013 நவம்பரில், ராயல் கரீபியன் 2014 புத்தாண்டு நாளில், கார்னிவல் அதே ஆண்டு அக்டோபர் 9 முதல், நார்வீஜியன் நவம்பர் முதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. தீக்கும் இந்த வரிசையின் கடைசித் தடைக்கும் இடையே எட்டு ஆண்டு. நெருப்பு மட்டுமே காரணமென்றால் எட்டு வாரம் போதும்.

அந்த எட்டு ஆண்டுகளில் நடந்தது என்ன? பால்கனி அறை என்பது கப்பல் நிறுவனத்தின் கறவைப் பசு. 1980களில் அபூர்வமாக இருந்த பால்கனி இன்றைய பெரிய கப்பல்களில் பெரும்பான்மை அறைகளுக்கு வந்துவிட்டது, அதற்கென்று தனி விலையும் உண்டு. புகைப்பவர் அதை விரும்பி வாங்கினார். ஆனால் அவருக்கு இருபுறமும் மேலும் கீழுமாக நான்கு பால்கனிகள் இருக்கின்றன. தேனடை அறைகளைப் போல ஒட்டிக்கொண்டிருப்பவை. முன்னோக்கி ஓடும் கப்பலில் காற்று எப்போதும் முன்முனையிலிருந்து பின்புறத்துக்கு உருவிக்கொண்டு போகிறது, புகை அதன் வழியே அடுத்தடுத்த பால்கனிகளை எட்டிப் பார்த்துக்கொண்டே போகிறது. கூடுதல் பணம் கட்டிக் கதவைத் திறந்துவைத்துப் படுத்தவர் இரவு பதினொரு மணிக்கு அடுத்தவரின் சிகரெட்டோடு விழித்தால், காலையில் வரவேற்பு மேசையில் நிற்பார். புகைப்பவர் ஒருவரைத் தக்கவைக்கப் புகைக்காத மூவரை இழக்க நேரிடும் என்ற நிலை வந்தபோது தடை தானாக வந்துவிட்டது. ஒரு நிறுவனம் முதலில் குதித்தால் வாடிக்கையாளர் போட்டியாளரிடம் ஓடிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. எல்லோரும் சேர்ந்து குதித்ததும் ஓட இடமில்லாமல் போயிற்று.

திறந்த வெளியில் புகை கரைந்துவிடும் என்பதே முழுதும் சரியல்ல என்றும் அதற்குள் தெரியவந்திருந்தது. ஜேம்ஸ் ரெபேஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர், பிறர் விடும் புகையை அளப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர், கரீபியனில் ஓடும் சொகுசுக் கப்பலில் கருவிகளோடு ஏறி அளந்திருக்கிறார். கப்பல் மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் எல்லையில்லாத ஆகாயம். இருந்தும் புகைக்க அனுமதித்த திறந்த தளப் பகுதிகளில் புற்றுநோய் தூண்டும் துகள்களின் அளவு, புகை இல்லாத பகுதிகளைப்போல் மூன்று மடங்கு. அதே கப்பலின் கேசினோவில் இருந்த அளவுக்கு ஏறத்தாழச் சமம். 2004இல் அவர் வெளியிட்ட இந்த அளவீட்டைப் படித்தபின் நீச்சல் குளத்தை ஒட்டிய புகைப்பகுதியைத் தாண்டும்போது எனக்கு மூச்சு தானாக ஒரு கணம் நின்றுவிடுகிறது.

குப்பை விவகாரமும் உண்டு. சிகரெட்டின் வடிகட்டி பஞ்சு போலத் தெரிந்தாலும் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கை, கடலில் பிளாஸ்டிக் போடுவதை முற்றாகத் தடுக்கிறது. கைப்பிடிக்கு வெளியே சுண்டிவிடும் துண்டு, கீழ்த்தளத்துப் பால்கனிக்குப் போகாமல் நேரே கடலுக்குப் போனாலும் விதிமீறல்தான்.

இனி பணம். அதற்கு முன் ஒரு சிறு திருப்பம்: கப்பலில் புகை எப்போதும் ஒதுக்கிவைக்க வேண்டிய தொல்லையாகவே இருந்துவிடவில்லை. டைட்டானிக் கப்பலில் முதல் வகுப்பு ஆண்களுக்கென்று புகைக்கூடம் ஒன்று இருந்தது. முத்துச்சிப்பி பதித்த மகோகனிப் பலகைச் சுவர்கள், வண்ணம் தீட்டிய கண்ணாடிகள், கணப்புக்கு மேலே பிளிமத் துறைமுகத்தைக் காட்டும் ஓவியம். கப்பல் முழுவதிலும் உண்மையான நிலக்கரி எரிந்த கணப்பு அது ஒன்றுதான் என்பார்கள். பெண்களுக்கு அங்கே அனுமதியில்லை. அந்தக் காலத்துப் பயணிக்குப் புகைக்கூடம் கௌரவம், சீட்டாட்டக் களம், வியாபாரம் பேசும் சாவடி. அந்த வழியின் மிச்சமாக க்யூனார்ட் நிறுவனத்தின் குயீன் மேரி 2 கப்பலில் சர்ச்சில் பெயரிலேயே ஒரு சுருட்டறை இருக்கிறது.

இந்தப் பழைய உறவை ஒரேயடியாக வெட்டிவிடப் பார்த்த கப்பலின் கதைதான் இந்த விவகாரத்தின் மையம். 1998இல் கார்னிவல் நிறுவனம் பாரடைஸ் என்ற கப்பலைக் கடலில் இறக்கியது. மயாமியிலிருந்து கரீபியன் போய்வரும், இரண்டாயிரத்துச் சொச்சம் பயணிகள் கொள்ளும் கப்பல். உலகின் முதல் முழுப் புகையற்ற பெரிய சொகுசுக் கப்பல் என்று விளம்பரம் செய்தார்கள். கப்பலின் பக்கவாட்டிலேயே சிகரெட்டைக் குறுக்காக வெட்டும் சிவப்பு வட்டத்தைப் பெரிதாக வரைந்தார்கள். ஹெல்சிங்கியின் கட்டுதளத்தில் அதைக் கட்டிய தொழிலாளர்கள்கூட கப்பலுக்குள் புகைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. ஊழியர்களுக்கும் அதேதான்.

விதியும் சும்மா பெயருக்கு இருக்கவில்லை. ஏறும்போதே பயணியிடம் கையெழுத்து வாங்கினார்கள். புகைத்தால் 250 டாலர் அபராதம், அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடப்படுவார், ஊர் திரும்பும் செலவு அவர் தலையில். புகைக்க வேண்டும் என்பதுகூட இல்லை, பையில் சிகரெட் பெட்டி இருந்தாலே போதும். மிரட்டலோடு நிற்கவில்லை, உண்மையிலேயே இறக்கியும் விட்டார்கள். கரீபியன் தீவொன்றின் துறைமுகத்தில் பெட்டியோடு நின்று, தான் வந்த கப்பல் தன்னை விட்டுப் போவதைப் பார்ப்பவர் அப்போது பிடிக்கும் சிகரெட் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

விரும்பியவர்களுக்கு அந்தக் கப்பல் உயிர். மூச்சுத் தொல்லை உள்ளவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் திரும்பத் திரும்ப வந்தார்கள். அறைகள் நிரம்பின. ஆனால் 2004இல், கப்பலை மயாமியிலிருந்து கலிபோர்னியாவின் லாங் பீச்சுக்கு மாற்றிய கையோடு, கார்னிவல் விதியைக் கைவிட்டது. அறை நிரம்பியும் ஏன் கைவிட வேண்டும்?

சொகுசுக் கப்பலின் கணக்கு டிக்கெட்டோடு முடிவதில்லை. டிக்கெட் பயணியை உள்ளே கொண்டுவரும் தூண்டில். மது, சூதாட்டம், மசாஜ் நிலையம், கரைச் சுற்றுலா, கடைகள் எல்லாம் சேர்ந்து தருவதுதான் மிச்சம். 2023இல் ராயல் கரீபியன் குழுமத்தின் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் இப்படிக் கப்பலுக்குள் செலவழிக்கப்பட்ட பணம். பாரடைஸில் ஏறியவர்கள் நல்ல பிள்ளைகள். புகைக்காதவர்கள், அதோடு குடிப்பதும் குறைவு, சூதாடுவதும் குறைவு. கேசினோ இயந்திரங்கள் சும்மா மின்னிக்கொண்டிருந்தன, மதுக்கூடத்தில் எலுமிச்சைச் சாறு விற்றது. நிறுவனத்தின் மேலிடம் இதை மறைக்கவும் இல்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. பத்துப் பேர் சேர்ந்து போகத் திட்டமிடும் குடும்பத்தில் ஒருவர் புகைப்பவராக இருந்தால் பத்துப் பேரும் வேறு கப்பலுக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் சித்தப்பா ஒருவருக்காக எத்தனை திட்டங்கள் மாறியிருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

அதே காலத்தில் ரெனசான்ஸ் என்ற இன்னொரு நிறுவனமும் முழுப் புகையற்ற கப்பல்களை ஓட்டிப் பார்த்தது. ஆர் ஒன் முதல் ஆர் எட்டு வரை எண்ணிட்ட எட்டுச் சிறிய கப்பல்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப்பின் பயணிகள் வரத்து நின்றுபோக, கடனில் தத்தளித்த நிறுவனம் இரண்டே வாரத்தில் மூடிக்கொண்டது. அதன் வீழ்ச்சியைப் புகைத்தடையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் அந்தக் கப்பல்கள் கைமாறி இன்று ஓஷியானியா, அசமாரா பெயர்களில் ஓடும்போது அவற்றில் நீச்சல் குளத்தருகே ஒரு சிறு புகைமூலை முளைத்திருக்கிறது. வாங்கியவர்களில் யாரும் பழைய விதியை அப்படியே தொடரவில்லை.

பாரடைஸ் கற்றுக்கொடுத்த பாடத்தைக் கப்பல் உலகம் நன்றாகவே மனத்தில் வாங்கிக்கொண்டது. புகையை எங்கே வேண்டுமானாலும் தடு, கேசினோவை மட்டும் கடைசியாகத் தொடு. சூதாடுபவர் சிகரெட்டுக்காக எழுந்து போனால் ஐந்து நிமிடம் இயந்திரம் சும்மா கிடக்கும். வெளிக்காற்று பட்டால் ஆசாமிக்குப் புத்தி தெளிந்து திரும்பாமலே போய்விடவும் கூடும். கப்பல் கேசினோ பெரும்பாலும் கரையிலிருந்து விலகி நடுக்கடலுக்குப் போனபின்தான் திறக்கும் என்பதால் அதற்குக் கிடைக்கும் மணிநேரமே குறைவு. ஆகவே, உட்கார்ந்து ஆடிக்கொண்டிருப்பவர் மட்டும் அங்கே புகைக்கலாம் என்று சில நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. சும்மா நின்று புகைப்பவருக்கு அனுமதியில்லை. சிகரெட் பிடிக்க வேண்டுமா, காசு போடு. இதைவிட ஒளிவுமறைவற்ற விதியை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். சீட்டுப் போடும் பெண்ணும், சாம்பல் கிண்ணம் மாற்றும் பையனும், மதுக்கோப்பை கொண்டுவருபவரும் வாரத்தில் ஏழு நாளும், ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம் முடியும் வரை அந்தக் காற்றில்தான் நிற்க வேண்டும். பயணி அரை மணி நேரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுவார். காற்றுப்போக்கி வைத்திருக்கிறோம், வடிகட்டி வைத்திருக்கிறோம் என்று நிறுவனங்கள் சொல்லும். பிறர் விடும் புகையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, காற்றோட்ட ஏற்பாடு அதை நீக்கிவிடாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை 2006லேயே சொல்லியாகிவிட்டது. குளிர்சாதனப் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரேயும் அதற்கு முந்தைய ஆண்டே ஏறத்தாழ அதைத்தான் சொன்னது. இயந்திரம் விற்பவர்களே இயந்திரத்தால் முடியாது என்கிறார்கள்.

அப்படியானால் சட்டம் எங்கே போயிற்று? சட்டம் கப்பலின் பின்புறத்தில் கொடியாகப் பறக்கிறது. அமெரிக்கத் துறைமுகத்தில் அமெரிக்கப் பயணிகளை ஏற்றும் கப்பல் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா கொடியில் பதிவாகியிருக்கும். நடுக்கடலில் செல்லுபடியாவது கொடி நாட்டுச் சட்டம். பனாமா நாடு 2008லேயே மூடிய பொது இடங்கள் அனைத்திலும் புகைக்கத் தடை விதித்தது, லத்தீன் அமெரிக்காவின் கடுமையான சட்டங்களில் ஒன்று. பனாமா நகரத்து மதுக்கூடத்தில் சிகரெட்டைப் பற்றவைக்க முடியாது. ஆனால் அதே நாட்டுக் கொடியோடு ஓடும் கார்னிவல் கப்பல்களின் கேசினோவில் புகை எழும்புகிறது. கரையில் கடிக்கும் சட்டத்துக்குக் கடலில் பல் முளைப்பதில்லை.

விமானங்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அமெரிக்கா 1988இல் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான உள்நாட்டு விமானங்களில் தடையைத் தொடங்கி, 1990இல் ஏறத்தாழ உள்நாட்டு விமானங்கள் முழுவதற்கும் விரித்து, 2000இல் தன் மண்ணில் வந்துபோகும் பன்னாட்டு விமானங்களுக்கும் கொண்டுபோய்விட்டது. அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களில் 2010 இறுதியோடு தண்ணீருக்கடியில் புகைக்கத் தடை வந்தது, புகைக்காத மாலுமிகளின் உடலிலும் புகையின் தடயம் இருந்ததை அவர்களே சோதித்துக் கண்டபின். விமானத்திலும் நீர்மூழ்கியிலும் ஓர் அரசு உறுதியாக நின்றது. இரண்டிலும் கேசினோ இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துக்கு வந்தால், 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் புறப்படத் தொடங்கியது. அடுத்த ஆண்டு இலங்கையின் அம்பாந்தோட்டை, காங்கேசன்துறை வரை போயிற்று. 1990இல் கட்டப்பட்டு ராயல் கரீபியனிடம் நெடுங்காலம் ஓடிய கப்பல் அது. இந்தியாவின் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் பொதுப் போக்குவரத்து ஊர்திகளையும் பொது இடமாகவே எண்ணுகிறது. 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாக்கப்பட்ட விதிப்படி தண்டம் 200 ரூபாய் வரை. கப்பல் நிறுவனங்கள் போடும் 250 டாலரை இதன் பக்கத்தில் வைத்தால் யார் சொல்லுக்குப் பயணி பயப்படுவார் என்று தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களில் பலர் இன்றும் சிங்கப்பூர் போய்த்தான் கப்பலேறுகிறார்கள், அங்கேதான் எதிர்பாராத இடறல். மின்சிகரெட்டுக்குக் கப்பலில் இடம் ஒதுக்கியிருக்கலாம். ஆனால் கப்பலுக்குப் போகும் வழி சிங்கப்பூர். அங்கே 2018 பிப்ரவரி முதல் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். சிகரெட்டுக்கும் வரிச் சலுகை ஒரு குச்சிக்குக்கூடக் கிடையாது. கப்பல் கடையில் மலிவாக வாங்கிய பெட்டியோடு திரும்பி இறங்கினால் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய் வரி கட்ட வேண்டும். இந்தியாவும் 2019 முதல் மின்சிகரெட்டின் விற்பனையையும் இறக்குமதியையும் தடைசெய்திருக்கிறது. இன்னொன்று, நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு: சிகரெட்டைத் தடுக்கும் அதே தீப்பயம் ஊதுபத்தி, மெழுகுவத்தி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் தடுக்கிறது. வெள்ளிக்கிழமை என்று கப்பல் அறையில் விளக்கேற்ற நினைத்த சித்தியின் சின்னக் குத்துவிளக்கை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இறங்கும்போது பத்திரமாகத் திருப்பித் தந்தார்கள், திரி உட்பட.

கேசினோக் கணக்கும் மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது. பாரடைஸ் ஓடத் தொடங்கிய 1998இல் அமெரிக்கப் பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் புகைத்தார். 2022இல் அது 11.6 சதவீதம். செலிப்ரிட்டி கப்பல்களின் கேசினோவில் புகை இல்லை, அதனால் அந்த நிறுவனம் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. ராயல் கரீபியனின் பெரிய கப்பல்கள் சிலவற்றில் புகைக்காதவர்களுக்கென்று தனிக் கேசினோப் பகுதி வைத்திருக்கிறார்கள். அறைகளையும் பால்கனிகளையும் விடுவித்த அதே கூட்டல் கழித்தல் கேசினோவையும் ஒருநாள் விடுவிக்கும் என்றே நினைக்கிறேன். அதுவும் மனம் மாறி அல்ல, எண்ணிக்கை மாறித்தான்.

போன வாரம் சித்தப்பாவிடம் இதையெல்லாம் ஒரு வழியாக விளக்கிச் சொன்னேன். ஸ்டார் பிரின்சஸ், சோலாஸ், பாரடைஸ், பனாமாக் கொடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: “அப்படியானால் அடுத்த தடவை ஜன்னல் இல்லாத அறையே போதுமே. எவ்வளவு குறையும்?”